குகைப் பள்ளிகளும் நம் பள்ளிவாசலும்



வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஸூரத்துல் கஹ்ஃபு ஓதப்படுகிறது. கஹ்ஃபு என்றால் குகை. ஏகத்துவத்தைக் காத்துக்கொள்ள ஊரை விட்டு வெளியேறிய இளைஞர்களுக்கு அல்லாஹ் ஒரு குகையில் அடைக்கலம் அளித்தான். நபி (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ வந்தது ஹிரா குகையில். ஹிஜ்ரத் பயணத்தில் அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மறைந்திருந்தது ஸவ்ர் குகையில். இந்த மூன்று குகைகளையும் நம் மத்ரஸாப் பிள்ளைகள் நன்கு அறிவர். ஆனால் நாம் வாழும் இத்தமிழ் நிலத்திலும் குகைகள் உண்டு, அவற்றில் 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட தமிழ் எழுத்துகள் உண்டு, அவற்றுள் சில நெய்வேலியிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் பார்த்துத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் உள்ளன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

விடுமுறை வந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு செல்கிறோம். அதில் குறையில்லை. அந்தப் பயணங்களுள் ஒன்றையாவது இந்தக் குகைகளை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதும், அவற்றை அறிவதும் காப்பதும் நமக்கும் உரிய கடமை என்பதும் இக்கட்டுரையின் வேண்டுகோள்.

பூமியைத் திறந்து பார்த்த ஊர்

நெய்வேலியில் வாழ்வோருக்குப் பூமியின் அடுக்குகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 1930களில் இப்பகுதியில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி அடுக்கு எட்டப்பட்டது. மேலே செம்மண், அதன் கீழே கடலூர் மணற்கல், களிமண், பின்னர் நிலக்கரி, அதற்கும் கீழே ஓயாமல் இறைத்தாக வேண்டிய ஊற்று நீர் என்று, மற்ற ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படமாகக் காண்பதை நம் பிள்ளைகள் சுரங்கத்தின் விளிம்பில் நேராகக் காண்கின்றனர். அந்த நிலக்கரி ஒரு காலத்தில் காடாக இருந்தது.

அதே கடலூர் மணற்கல் அடுக்கைச் சேர்ந்ததுதான் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களும். 1781இல் பிரெஞ்சுக்காரரான சொன்னரா அவற்றைக் குறித்து எழுதினார். இன்று அது இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக உள்ளது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளில், நார்க்கோடு மாறாமல் கல்லாகிக் கிடக்கின்றன. குகைப் பயணத்துக்குப் புறப்படும் நெய்வேலிக் குடும்பம் முதலில் திருவக்கரையில் இறங்குவது நல்லது. மரம் ஓரிடத்தில் கரியாகவும் மற்றோரிடத்தில் கல்லாகவும் மாறியிருப்பதைக் கண்ட பிள்ளை, பாறை என்பது பிறந்தது முதல் அப்படியே இருக்கும் பொருளன்று என்பதைத் தானே உணர்ந்துகொள்ளும்.

குகை உருவாகும் விதம்

எல்லாக் குகைகளும் ஒரே விதத்தில் உருவாவதில்லை. நம் நாட்டில் மூன்று வகைகளை எளிதாகக் காணலாம்.

முதல் வகை சுண்ணாம்புக்கல் குகை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகக் கரைத்து நெடிய சுரங்க வழிகளை உண்டாக்குகிறது. ஆந்திரத்தின் பேலம் குகை இவ்வாறு உருவானது. அதன் நீளம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அதே வட்டாரத்தின் பில்லசுர்க்கம் குகைகளைப் பற்றி 1844இல் நியூபோல்ட் என்ற படைத்துறை அலுவலர் எழுதினார். 1880களில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளரும் அவர் மகனும் அங்கு அகழ்ந்தபோது ஏராளமான விலங்கு எலும்புகள் கிடைத்தன. இன்று உலகில் எங்குமே இல்லாத ஒரு காண்டாமிருக இனமும் அவற்றுள் இருந்தது.

இரண்டாம் வகை கூழாங்கற்கள் இறுகிய பாறையில் அமைவது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டி ஏரிக்கு அப்பால் உள்ள குடியம் குகைகள் இதற்குச் சான்று. பாறையைத் தொட்டுப் பார்த்தால் உருண்டையான கற்கள் பழத்தில் விதை பதிந்ததுபோல் பதிந்திருக்கும். ஆறு உருட்டிய கற்களே உருண்டையாகும். எனவே இன்று மலையாக நிற்பது ஒரு காலத்தில் ஆற்றுப் படுகையாக இருந்திருக்க வேண்டும்.

இந்த அறிவு நமக்குப் புதியதன்று. கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பீரூனி, வட இந்தியச் சமவெளியின் மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சிந்தித்தார். மலையடிவாரத்தில், ஆறு வேகமாக ஓடும் இடத்தில், கற்கள் பெரியனவாக உள்ளன. தொலைவு செல்லச் செல்லச் சிறியனவாகின்றன. கடலை நெருங்கும்போது மணலாகிவிடுகின்றன. இதைக் கொண்டு, இச்சமவெளி முன்பு கடலாக இருந்து ஆறுகளின் வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் காலத்தவரான இப்னு ஸீனாவும் மலைகள் உருவாவதைப் பற்றியும் கல்லான உயிர்களைப் பற்றியும் எழுதியுள்ளார். பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பாருங்கள் என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் வலியுறுத்துகிறது. அதை ஏட்டோடு நிறுத்தாமல் மண்ணிலும் கல்லிலும் செயற்படுத்திய தலைமுறை அது.

மூன்றாம் வகையே தமிழகத்தில் மிகுதி. நம் குன்றுகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. கருங்கல் நீரில் கரைவதில்லை. ஆகவே நெடிய சுரங்கக் குகைகள் அதில் தோன்றா. வெயிலிலும் மழையிலும் பாறை வெடித்து, ஒரு பெரும்பாறை மற்றொன்றின் மேல் சாய்ந்து, அடியில் நிழலான இடம் உண்டாகிறது. இதைக் குகைத்தளம் என்பர். இக்குகைத்தளங்களில்தான் தமிழின் மிகப் பழைய எழுத்துகள் உள்ளன.

கல்லாயுதங்கள் எழுப்பும் வினா

ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அதுவே. அதே ஆண்டு செப்டம்பரில் குடியத்திற்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் கருவிகளைக் கண்டனர். நூறாண்டுகள் கழித்து, 1960களில், இந்தியத் தொல்லியல் துறை குடியம் குகையில் அகழாய்வு நடத்தியது. 2011இல் வெளியான ஆய்வு, அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் பழமையானவை 15 இலட்சம் ஆண்டுகள் பழமை உடையன என்றது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, அடுத்த கட்டக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு தோன்றிவிட்டன என்றது. மண்ணில் புதையும் கல்லும் மணலும் வெயிலையும் விண்கதிர்களையும் இழக்கின்றன. இழந்து எவ்வளவு காலமாயிற்று என்பதை அளக்கும் முறைகளைக் கொண்டு இக்கணக்குகள் சொல்லப்படுகின்றன.

இங்கே பிள்ளைகள் ஒரு வினா எழுப்புவர்: ஆதம் (அலை) அவர்களின் காலத்தோடு இது எப்படிப் பொருந்தும்? அந்த வினாவை அதட்டி அடக்குதல் கூடாது. ஆதம் (அலை) அவர்களின் காலத்தைத் திருக்குர்ஆன் ஆண்டுக் கணக்காகக் கூறவில்லை. கல்லைச் செதுக்கிய கை யாருடையது என்பதைக் கல் மட்டும் சொல்லிவிடவும் இயலாது. குகைவாசிகளின் வரலாற்றிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கித்தனர். அந்த எண்ணிக்கையை அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்று சொல்லி, அதில் ஆழ்ந்து வாதிட வேண்டாம் என்று அல்லாஹ் தடுத்தான். ஆனால் அதே அத்தியாயம், கதிரவன் உதிக்கும்போது அக்குகையின் வலப்புறம் சாய்வதையும், மறையும்போது இடப்புறம் விலகுவதையும், அவர்கள் உள்ளே விசாலமான இடத்தில் இருந்ததையும் நுட்பமாகக் கூறுகிறது. கண்ணால் காணத்தக்கதைக் கூர்ந்து காண்பதும், அறிவு எட்டாததில் நாவை அடக்குவதும் என இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. வரலாறு பயில்வோருக்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு வேறில்லை.

கொடுத்தவர்களின் பெயர்கள்

தமிழகத்துக் குகைத்தளங்களில் தங்கியவர்கள் பெரும்பாலும் சமணத் துறவிகள். ஊரூராக நடந்து திரிந்த அவர்கள், மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கினர். அவர்களுக்காகப் பாறைத் தரையில் படுக்கைகள் வெட்டப்பட்டன. தலைப்பக்கம் சற்று உயர்த்தித் தலையணை போல் செதுக்கப்பட்டது. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் நீண்ட காடி வெட்டப்பட்டது. அந்தக் காடியின் அருகிலோ படுக்கையின் ஓரத்திலோ, யார் இதைச் செய்து கொடுத்தார் என்பது தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டது.

மதுரை அருகே மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். ஆனால் அவற்றின் மொழி எது என்பது நீண்ட காலம் தெளிவாகவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழே என்று எடுத்துக்காட்டினார். 1960களில் தொடங்கி ஐராவதம் மகாதேவன் குன்று குன்றாக ஏறிப் படித்தவை 2003இல் பெருநூலாக வெளிவந்தன. மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் உள்ளது. அதற்கு ஏறத்தாழ 2,200 ஆண்டு வயது. புகளூரில் சேர அரசர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் ஒரே கல்வெட்டில் உள்ளன.

அரசர்களின் பெயர்களைவிட நம் கவனத்துக்குரியவை எளியோரின் பெயர்கள். அழகர்மலைக் குகைத்தளத்தில் கொடையளித்தவர்களைப் பாருங்கள்: உப்பு வணிகர், அறுவை என்னும் துணி வணிகர், கலப்பைக் கொழு விற்றவர், வெல்லப்பாகு விற்றவர், பொற்கொல்லர். நம் கடைத்தெருவில் இன்றும் காணக்கூடிய தொழில்கள் இவை. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் உள்ளது. அங்கே 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, எருமிநாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காக உள்ளூரைச் சேர்ந்த இளையர் செய்து கொடுத்தது என்று கல்வெட்டு கூறுகிறது. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்று ஆய்வாளர் கருதுவர். தொலைவிலிருந்து வந்த ஓர் அயலூராருக்கு உறங்க இடம் கொடுத்ததற்காக ஒரு தமிழரின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது.

ஸதகத்துல் ஜாரியா என்பதையும் வக்ஃபு என்பதையும் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கிறோம். கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை பயன்தந்துகொண்டிருப்பதே அதன் பொருள். அழகர்மலை உப்பு வணிகர் நம் மார்க்கத்தவர் அல்லர். அவர் கொடையின் நோக்கமும் வேறு. ஆனால் பிறர் தங்கிச் செல்ல ஓர் இடத்தை அமைத்துவிட்டுப் போகும் பண்பு இந்த நிலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை அக்கற்கள் காட்டுகின்றன. பின்னாளில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் முஸாஃபிர்கானாக்களும் பள்ளிவாசல்களும் கிணறுகளும் கட்டியபோது, அவர்கள் தம் மார்க்கத்தின் கட்டளையையும் பேணினர், தம் நிலத்தின் நல்வழக்கத்தையும் தொடர்ந்தனர்.

நமக்கு அண்மையில் உள்ளவை

நெய்வேலிக்கு அண்மையில் உள்ள சான்றுகளுள் தலையாயது, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திருக்கோவலூரை அடுத்துத் தென்பெண்ணைக் கரையில் உள்ள சம்பை. அங்குள்ள குன்றின் குகைத்தளத்தை ஊரார் தாசிமடம் என்பர். அங்கே ஒரே வரியில் அமைந்த தமிழிக் கல்வெட்டை 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டறிந்தனர். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பது அதன் பொருள். ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் அதியமானின் மரபு அது.

அதில் மற்றொரு சிறப்பும் உண்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தெற்கே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுத்திரர் என்றொரு மரபையும் குறிப்பிடுகிறது. அவர் யார் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அந்த வாதத்தைச் சம்பைக் குகையின் ஒற்றை வரி தீர்த்து வைத்தது. அந்தப் பாறையின் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால், அந்த விடையும் பெயர்ந்திருக்கும்.

செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்று உள்ளது. அங்கே ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகில், 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரை நினைவுகூரும் கல்வெட்டு உள்ளது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது அது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு. இது இயற்கைக் குகையன்று. பாறையைக் குடைந்து அமைத்தது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசர் மகேந்திரவர்மர் இதை அமைத்தார். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. முன்னிருந்த கட்டடங்கள் அழியும் பொருள்களால் ஆனவை என்பதை அந்த ஒரு செய்தியே உணர்த்திவிடுகிறது. அதே மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவி நிறப் பாறை ஓவியங்களும் உள்ளன. எழுத்தறியாத காலத்து மனிதர் தீட்டியவை அவை.

பள்ளி, நோன்பு

இப்போது இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். நாம் அல்லாஹ்வைத் தொழும் இடத்தைத் தமிழில் பள்ளிவாசல் என்கிறோம். இச்சொல் அரபியிலிருந்து வந்ததன்று; பாரசீகத்திலிருந்தும் வந்ததன்று. பள்ளி என்றால் தங்குமிடம், உறைவிடம். இதே சொல் மாங்குளத்துக் குகைக் கல்வெட்டில், அக்கால எழுத்து வழக்கில், வெட்டப்பட்டுள்ளது. துறவியர் தங்கிய இடம் பள்ளி. அவர்கள் கல்வி கற்பித்த இடம் என்பதால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் வந்தது என்பர். கடல் வணிகத்தின் வழியே இஸ்லாம் இக்கரைகளில் வேர்கொண்டபோது, தமிழர் நம் தொழுமிடத்துக்கும் அச்சொல்லையே கொடுத்தனர். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, சோனகச் சாமந்தப் பள்ளிக்குக் கொடை அளிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. சோனகர் என்பது அரபு வழிவந்த முஸ்லிம்களைக் குறித்த பெயர். கோயிலின் கல்லில் பள்ளிவாசலுக்கான கொடை பதிவாகியிருக்கிறது.

நோன்பு என்ற சொல்லும் அப்படியே. திருநாதர் குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி உண்ணாமல் இருந்ததைச் சொல்லும்போது 'நோற்ற' என்ற வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறது. ரமலானில் நாம் நோன்பு நோற்கிறோம் என்கிறோமே, அதே சொல்தான். உயிர் நீங்கும்வரை உண்ணாதிருக்க நம் மார்க்கத்தில் அனுமதியில்லை. தொடர் நோன்பையே நபி (ஸல்) அவர்கள் தம் சமுதாயத்துக்குத் தடுத்தார்கள். கொள்கை வேறு. எனினும், ஸவ்மு என்னும் அரபுச் சொல்லின் பொருளைத் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் சொல்ல நம் முன்னோர் தேடியபோது, அந்தச் சொல் ஆயத்தமாக இங்கே இருந்தது.

நாம் இம்மண்ணுக்கு அயலார் என்று யாரேனும் நம் பிள்ளைகளிடம் சொன்னால், அதற்குச் சினந்து விடையளிக்க வேண்டியதில்லை. பள்ளியும் நோன்பும் எந்த மொழிச் சொற்கள் என்று அமைதியாகக் கேட்டால் போதும். அதைக் கேட்பதற்குப் பிள்ளைக்கு முதலில் அது தெரிந்திருக்க வேண்டும். அக்கல்லைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை மறக்காது.

நாம் செல்லலாமா?

மத்ரஸாவில் மூத்த மாணவர்கள் கேட்கும் வினா ஒன்று உண்டு. தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, வேதனை இறங்கிய அவ்வீடுகளுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னார்கள். தாமும் தலையை மூடிக்கொண்டு விரைந்து கடந்தார்கள். அப்படியிருக்க, பாறையில் குடைந்த பழைய இடங்களை நாம் காணச் செல்வது தகுமா?

நல்ல வினா. அந்த ஹதீஸ் கூறுவது அல்லாஹ்வின் வேதனை இறங்கியதாக வஹீயின் மூலம் அறிவிக்கப்பட்ட இடத்தைப் பற்றி. சம்பைக்கோ சித்தன்னவாசலுக்கோ அத்தகைய அறிவிப்பு ஏதுமில்லை. மறுபுறம், பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஆகவே படிப்பினைக்காகவும் அறிவுக்காகவும் செல்வது வேறு, வழிபாட்டில் கலப்பது வேறு. சில குன்றுகளில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அங்கே நாம் வழிபாட்டில் பங்கேற்பதில்லை; ஏளனம் செய்வதும் இல்லை. பிறர் வணங்குபவற்றை ஏசுவதைத் திருக்குர்ஆனே தடுத்திருக்கிறது. வழிபாடு நடக்கும் வேளையில் சற்று விலகி நின்று, அது முடிந்தபின் கல்வெட்டைக் காண்பது நல்லொழுக்கம்.

முஸ்லிம் அறிஞர்களும் இதைச் சிந்தித்திருக்கின்றனர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் இருந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ என்ற மருத்துவ அறிஞர், ஸலாஹுத்தீன் அய்யூபியின் மகன் அல்அஸீஸ் காலத்தில் ஒரு பிரமிடை இடிக்க நடந்த முயற்சியைப் பற்றி எழுதினார். சுமார் எட்டு மாதங்கள் ஆட்களும் பொருளும் செலவாகியும் ஒரு பக்கத்தில் சிதைவு உண்டானதே தவிர வேறு பயனில்லை. முற்கால அரசர்கள் அத்தகைய சின்னங்களைக் கட்டியவர்களோடு கொள்கையில் மாறுபட்டிருந்தும் அவற்றைக் காத்தனர் என்றும், அவை காலத்தின் சாட்சியாகவும் வேதங்கள் கூறும் செய்திகளுக்குச் சான்றாகவும் காண்போருக்குப் படிப்பினையாகவும் நிற்கின்றன என்றும் அவர் கருத்துரைத்தார். 800 ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் கூறிய இக்கருத்தை நாம் இன்று நம் குகைகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இது ஓர் அமானிதம்

இக்குகைகளுக்கு இரண்டு கேடுகள் நேர்கின்றன. ஒன்று சிறிய கை செய்வது. மற்றொன்று பெரிய இயந்திரம் செய்வது.

எந்தக் குகைத்தளத்துக்குச் சென்றாலும் பாறையில் வண்ணத்தால் எழுதிய பெயர்களைக் காணலாம். காதலர் பெயர்கள், நண்பர் குழுவின் பெயர்கள், வந்துபோன தேதிகள். சிலர் ஆணியால் கீறியும் வைக்கின்றனர். அவற்றில் எல்லாச் சமயத்தாரின் பெயர்களும் இருக்கின்றன. நம் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கின்றன. உப்பு வணிகரின் பெயர் கல்லில் இருப்பதற்குக் காரணம் அவர் ஒன்றைக் கொடுத்தார். இவர்கள் எதையும் கொடுக்கவில்லை, இருந்ததையும் கெடுத்தனர். தொல்லியல் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சிதைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கின்றன. சட்டத்துக்கு அஞ்சித்தான் இதை விட வேண்டும் என்பதில்லை. பிறருக்கு உரிய பொருளைச் சேதப்படுத்துவது ஹராம் என்று மத்ரஸாவில் படித்தவருக்கு அதுவே போதும். இக்கற்கள் நமக்குப் பின்வரும் தலைமுறைகளுக்கு உரிய அமானிதம்.

பெரிய கேடு கல் குவாரியும் சுரங்கமும். கருங்கல்லுக்கு விலை உண்டு. கல்வெட்டுக்கு விலைச்சீட்டு இல்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும் கற்படுக்கைகளும் உள்ளன. 2022இல் தமிழக அரசு அப்பகுதியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது, சுற்றுவட்டாரக் கிராம மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. மலையைக் காத்தவர்கள் அங்கே வாழும் உழவர்களும் பெண்களும்.

நெய்வேலியிலிருந்து இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் அடுப்பு எரிவதும் நம் பிள்ளைகள் படிப்பதும் சுரங்கத்தின் வருவாயால்தான். அந்தச் சுரங்கத்துக்காகத் தம் வீடுகளையும் வயல்களையும், சிலர் தம் முன்னோரின் அடக்கத்தலங்களையும் விட்டுச் சென்ற கிராமத்தாரின் பக்கத்தில்தான் நாம் வாழ்கிறோம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பூமியிலிருந்து ஒன்றை எடுக்கும்போது என்ன இழக்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும் பொறுப்பு மற்ற ஊராரைவிட நமக்கு அதிகம். நிலக்கரி எடுத்த குழியில் மண்ணை நிரப்பி மரம் நடலாம், நடுகிறார்கள். கல்வெட்டு இருந்த பாறையை உடைத்தபின் எதைக் கொண்டும் அந்த எழுத்தை மீண்டும் உண்டாக்க முடியாது.

செல்வோர் கவனத்திற்கு

மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்கள் குன்றேற ஏற்றவை. ஃபஜ்ரு தொழுதவுடன் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாறைகளைப் பார்த்துவிடலாம். காலைச் சாய்வெயிலில்தான் கல்வெட்டின் கீறல்கள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம். விரலால் தேய்க்கவும் வேண்டாம். கைப்பேசியில் படமெடுத்தால் போதும். தேன்கூடுகள் உள்ள பாறையின் கீழே புகைமூட்டவோ கூச்சலிடவோ கூடாது. மழை பெய்த நாளில் வழுக்குப் பாறையில் முதியோரையும் சிறுவரையும் ஏற்ற வேண்டாம். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வெறும் குப்பியைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஊருக்குள் நுழைந்ததும் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் ஸலாமுக்கு ஈடாக வணக்கம் சொல்லி, வழி கேட்டுச் செல்லுங்கள். பல குன்றுகளுக்குப் பலகை இல்லை, ஊராரே பலகை. நம் குடும்பங்கள் இவ்விடங்களை மதித்து வருகின்றன என்பதை அவர்கள் காண்பதும் ஒரு நன்மையே.

புறப்படுமுன் பிள்ளைகளுக்குத் தமிழி எழுத்துகளில் நான்கைந்தையாவது எழுதிக் காட்டுங்கள். ப, ள, த, ந, ம போதும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பாறையில் ஓர் எழுத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பெற்றோர் பார்க்க வேண்டும்.

பூமியின் அத்தாட்சிகளைக் கண்டு படிப்பினை பெறும் கண்களையும், பிறர் விட்டுச் சென்றதைப் பேணும் கைகளையும், நமக்குப் பின் நிலைத்துப் பயன்தரும் நற்கொடைகளை விட்டுச் செல்லும் நல்வாய்ப்பையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.